கொடி ஏறாத காலை

இந்த மின்விசிறியின் தண்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும், கிறீச்சிடுவது நின்றுவிடும்.

உங்கள் எதிரில் வந்து உட்கார்ந்ததும் எனக்குள் முதலில் ஓடிய நினைப்பு இதுதான், ஐயா. வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஆனால் எங்கள் வீடு எப்படிப்பட்டது என்று உங்களுக்குப் புரிய இதுவும் உதவும். அங்கே எண்ணெய் காணாத கீல் ஒன்றுகூடக் கிடையாது. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய கம்பளியை வெட்டி ஒட்டியிருக்கிறேன். குழாய் சொட்டினால் அடியில் ஒரு துணியைப் போட்டுவிடுவேன். என் கணவருக்குச் சத்தம் ஆகாது.

நீங்கள் இந்த ஸ்டேஷனில் உள்ளே உட்கார வைத்திருக்கிற மோட்டார் படகுக்காரன், கொடி பறந்தும் வேகத்தைக் குறைக்கவில்லை, அந்த அலையில் என் கணவரின் தூண்டில் படகு கவிழ்ந்தது, அவர் போய்விட்டார். எல்லோரும் சொல்வது இது. நானும் மறுக்காமல் இருந்துவிட்டேன். அதைப் பற்றித்தான் பேச வந்தேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டு வாசலில்தான் ஏரி குறுகுகிறது. இரண்டு கரையும் நெருங்கி வருகிற அந்த இடத்துக்குக் கழுத்து என்று பெயர். பெரிய மீன்கள் அங்கேதான் வந்து நிற்கும். அகன்ற ஏரியிலிருந்து கழுத்துக்குள் வர ஒரு வளைவைத் தாண்ட வேண்டும். தாண்டிய பிறகுதான் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அப்போது தெரிந்து பயனில்லை. மோட்டார் கிளப்புகிற அலை இரண்டு கரையிலும் மோதித் திரும்பி, நடுவில் சேர்ந்து எழும். வெளியே தொட்டில் போல ஆட்டுகிற அதே அலை, கழுத்துக்குள் ஆளைத் தூக்கிப் போட்டுவிடும்.

இதனால் தூண்டில்காரர்களுக்கும் மோட்டார்காரர்களுக்கும் வருஷக் கணக்காக ஆகாது. இவர்கள் தூண்டிலில் கட்டுகிற ஈயக் குண்டை எடுத்து வீசுவார்கள். அவர்கள் வேண்டுமென்றே இன்னொரு சுற்று வருவார்கள். கடைசியில் படகுப் பட்டறையில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். தேநீர் கொடுக்க நானும் போயிருந்தேன்.

"ஏரி என்ன உங்க வீட்டுக் குளியல் தொட்டியா? ஆளே இல்லாத மாதிரி ஓட்டறீங்க," என்று ஆரம்பித்தார் தூண்டில் சங்கத் தலைவர்.

"நீங்க மட்டும் என்னவாம்? மீனுக்குப் பொண்ணு கேட்டு வந்தவங்க மாதிரி நாள் முழுக்க வாசல்லயே உக்காந்திருக்கீங்க," என்றான் ஒரு மோட்டார்காரன். எப்போதும் சீட்டியடித்துக்கொண்டே ஓட்டுவதால் அவனுக்கு விசில் என்று பெயர். இப்போது உள்ளே இருப்பவன் அவன்தான்.

பட்டறையே சிரித்தது. என் கணவர் சிரிக்கவில்லை. அவர் பேசினால் எல்லோரும் குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். "மீனுக்குக் காது இல்லைன்னு நினைக்கறீங்க. அதுக்கு உடம்பு பூரா காதுதான்," என்றார்.

விசிலுக்கு முகம் மாறிவிட்டது. "சரிங்க மாமா. ஆனா வளைவுக்கு அந்தப் பக்கம் நீங்க இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடியே தெரிஞ்சா இன்ஜினை அடக்கித் தவழ்ந்து வரேன்."

அப்படி வந்ததுதான் வெள்ளைக் கொடி. வெளியிலிருந்தே தெரிகிற மாதிரி எங்கள் படித்துறையில் ஒரு கம்பம் நட்டார்கள். கழுத்துக்குள் தூண்டில் படகு நின்றால் கொடி ஏற வேண்டும். ஆள் இல்லாதபோது சும்மா பறக்கவிடக் கூடாது. அது மோட்டார்காரர்களை ஏய்ப்பது. யார் ஏற்றுவது என்று கேள்வி வந்தது.

"அக்காதான் அங்கேயே இருக்காங்களே. அவங்க ஏத்தினா நான் அடங்கிடறேன்," என்றான் விசில்.

"கட்டினவ சொல்லியே அடங்காதவன் நீ," என்றார் தலைவர்.

ஆனால் அவன் அடங்கினான், ஐயா. கொடியைக் கண்டால் வளைவுக்கு வெளியிலேயே இன்ஜின் முனகலாகிவிடும். சீட்டியை நிறுத்திவிட்டு, கடந்து போகும்போது என்னைப் பார்த்துக் கையை உயர்த்துவான். பதிலுக்கு நான் கையை உயர்த்த வேண்டும். பார்த்தேன், நன்றி என்று அர்த்தம். என்னை நோக்கி அன்றாடம் உயர்ந்தவை அந்தக் கையும் என் கணவரின் விரலும்தான்.

விரலைப் பற்றிச் சொல்லவில்லையே. அவர் என் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. ஏதாவது சத்தம் எழுந்தால் திரும்பாமலே வலது கை ஆள்காட்டி விரலை மேலே நிமிர்த்துவார். அவ்வளவுதான். தண்ணீரில் பழகிய பழக்கம் வீட்டுக்குள் வந்துவிட்டது. பாத்திரம் தேய்க்கும்போது உயரும். எங்கள் மகள் சின்ன வயதில் முணுமுணுவென்று பாடிக்கொண்டே படிப்பாள், அப்போது உயரும். பிறகு அவள் பாடாமல் படித்தாள். பிறகு தூரத்தில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போனாள், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாள். அவர் ஏரியில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் எனக்குப் போன் செய்வாள். "அப்பா மிதக்கறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சையே தொடங்குவாள். எங்களுக்குள் அது ஒரு கேலி.

கெட்ட மனிதர் என்று நான் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தபோது என் நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார், சத்தமே இல்லாமல். முதுமையில் அவர் விரல்கள் மூட்டுவலியில் முறுக்கிக்கொண்டன. அந்த ஒரு விரல் மட்டும் நிமிரச் சிரமப்பட்டதில்லை. தொடை வரை ஏறுகிற ரப்பர் பூட்ஸை நான்தான் மாட்டிவிடுவேன். மேலே உள்ள நாடாக்களை இடுப்பு பெல்ட்டில் கட்ட வேண்டும். இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போடு என்பார். தண்ணீரில் விழுந்தால் பூட்ஸ் நிரம்பிக் கல்லாகிவிடும், ஒரே இழுப்பில் உதறிவிட வேண்டும். தூண்டில் முள்ளுக்குப் போடுகிற முடிச்சு வேறு மாதிரி. அது இழுக்க இழுக்க இறுகும். மாலை வேளைகளில் அதையும் நான்தான் கட்டிக் கொடுப்பேன். இரண்டும் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும்.

மகளுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்து வயிற்றில் ஒன்று தங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிச் சத்தமில்லாமல் சந்தோஷப்பட்டோம். போன மாதம் ஒரு காலை, அவர் கழுத்துக்குள் நங்கூரம் போட்டு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை.

"அசைவே இல்லைன்னு போனேம்மா. துடிப்பு நின்னுடுச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா."

என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் மாதிரி இல்லை. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அதன் மேல் சத்தம் வெகுதூரம் போகும். படகில் அவர் முதுகு தெரிந்தது. திரும்பவில்லை. விரலை உயர்த்தினார்.

என் அழுகை நின்றுவிட்டது.

அவர் விரலை உயர்த்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, ஐயா. அவருக்கு என்ன சேதி என்று தெரியாது. நின்றுவிட்டதே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "அம்மா, இருக்கியா? அம்மா, ஏதாவது பேசும்மா," என்று மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளே வைத்துவிட்டாள். அதன் பின் அவள் கூப்பிடவில்லை.

சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்," என்றார். கொஞ்சம் கழித்து, "அதான் இன்னிக்கு ஒண்ணும் மாட்டலை," என்றார். குத்திப் பேசவில்லை. காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்த காரணம் கிடைத்துவிட்ட நிம்மதி, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் கொடியை ஏற்றினேன், இறக்கினேன். ஒரு காலை ஏற்றவில்லை. மடித்தபடியே மடியில் வைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு நாளும் கம்பத்தைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஏற்றியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும்.

நான் எதையும் செய்யவில்லை. செய்யாமல் இருந்தேன். அவர் நனைய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருடைய தண்ணீரும் ஒரு தடவை குலுங்கட்டும், சொட்டச் சொட்டக் கரையேறி என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கத்தட்டும் என்று இருந்தது.

முதலில் வந்தது விசில். கம்பம் வெறுமையாக இருந்ததைப் பார்த்திருப்பான். வேறு யாராயிருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு மெதுவாக வந்திருப்பார்கள். அவன் என்னை நம்பினான். சீட்டியடித்துக்கொண்டு முழு வேகத்தில் வளைவைத் தாண்டினான், படகைக் கண்டான், இன்ஜினை அணைத்தான். அணைத்தாலும் பின்னால் வருகிற அலை நிற்காது. என் கணவர் யார் என்று பார்க்க எழுந்து நின்றார். எழுந்திருக்கக் கூடாது.

விசிலின் படகு போன வேகத்தில் வெகுதூரம் போய்விட்டது. அதைத் திருப்பிக்கொண்டு வந்து குதித்தான். மூழ்கி மூழ்கித் தேடினான். அவன் தண்ணீருக்குள் இருந்தபோது நான் கொடியை ஏற்றினேன். கழுத்துக்குள் ஒரு படகு இருக்கிறது, கவிழ்ந்திருந்தாலும் படகுதானே, ஏற்ற வேண்டியது முறை என்றுதான் அப்போது தோன்றியது. அவரைக் கரைக்குத் தூக்கி வந்து போட்டுவிட்டு அவன் நிமிர்ந்தான். கொடி பறந்துகொண்டிருந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் வரும்போது இல்லையேக்கா. இல்லையேக்கா," என்றான்.

அதற்குள் தூண்டில்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அவன் மேல் எத்தனை கைகள் விழுந்தன என்று உங்களுக்கே தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து தலைவர் வீட்டுக்கு வந்தார். "கவலைப்படாதே தங்கச்சி. கொடி பறந்ததை நாங்க எல்லாரும் பாத்தோம். இனி இந்த ஏரிக்குள்ள மோட்டாரே வராது, எழுதிக் கொடுத்தாச்சு. அவர் ஆசைப்பட்ட மாதிரி ஒரு சத்தம் இருக்காது," என்றார்.

நேற்று விசிலின் மனைவி வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. சண்டை போட வரவில்லை. "அவரு இப்பல்லாம் தன் கண்ணைத்தான் சந்தேகப்படறாரு அக்கா. நான்தான் சரியா பாக்கலையோ, பாக்கலையோன்னு அதையே சொல்றாரு. கொடி நிஜமாவே இருந்துச்சா அக்கா?" என்றாள். குழந்தைக்கு என்ன வந்ததோ, அலற ஆரம்பித்தது. எங்கள் வீட்டுச் சுவர்கள் அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை. அவள் பதறிப்போய் அதன் வாயைத் தோளில் அழுத்தினாள். "விடு, அழட்டும்," என்றேன். அது ஓயும்வரை உட்கார்ந்திருந்தோம். அதனால்தான் இன்று வந்தேன்.

நீங்கள் நல்லவர், ஐயா. பேனாவை வைத்துவிட்டு, "துக்கத்துல இருந்திருக்கீங்க, பேத்தியோ பேரனோ போன துக்கம். கொடி ஏத்த மறந்துட்டீங்க. அப்புறம் பதற்றத்துல ஏத்திட்டீங்க. அப்படித்தானேம்மா?" என்கிறீர்கள். அவனை விட்டுவிடலாம், என் வயதுக்கு என்னையும் பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார்கள் என்கிறீர்கள்.

அவனை விட்டுவிடுங்கள். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று மறக்காமல் அவனிடம் சொல்லுங்கள்.

ஆனால் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அவரைக் கிடத்தியபோது பூட்ஸை வெட்டித்தான் எடுத்தார்கள். நாடா அவிழவில்லை. அன்று காலை நான் போட்டது தூண்டில் முடிச்சு. கைப்பழக்கத்தில் விழுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பார்த்தேன். முதலில் வழக்கமான முடிச்சைத்தான் போட்டேன், ஐயா. பிறகு அதை அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டினேன். "என்ன இன்னிக்கு இவ்வளவு நேரம்?" என்று மெதுவாகக் கேட்டார். "ஒண்ணுமில்லை," என்றேன்.

நனைந்தால் போதும் என்றுதான் ஆசைப்பட்டேன் என்று கொஞ்சம் முன்னால் சொன்னேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் உடனே மூழ்கவில்லை. கவிழ்ந்த படகின் அடியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முழுக் குரல். இரண்டு கரையும் அதைத் திருப்பிச் சொல்லின. அவருக்கு அப்படியொரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. நல்ல குரல், ஐயா. மகளுக்கு அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். கயிறு கட்டிய மிதவை வளையம் தூணில், என் தோளுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை கூப்பிடுவார் என்று கேட்டுக்கொண்டு நின்றேன். கூப்பிட்டார். இன்னும் ஒரு தடவை கூப்பிடுவார் என்று நின்றேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறீர்கள். "நான் இதைக் கேக்கலை," என்கிறீர்கள். "மறந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அது போதும்."

நான் தலையை ஆட்டுகிறேன், மாட்டேன் என்று. நாற்காலி கிறீச்சிடாதபடிதான் ஆட்டுகிறேன். பழக்கம் போகவில்லை.