சினேகா இப்போது வள்ளி வீட்டில்

"ஹலோ... ஹலோ, சினேகா... கேக்குதா? நான்தான்டி... ஆமா, லாட்ஜ்லதான் இருக்கேன்... ஆமா ஆமா, இங்கயும் ஊத்தினுதான் இருக்குது... இரு, ஜன்னல சாத்திட்டு வர்றேன்."

வினோதினி ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லாட்ஜில் அவளுக்கு வரவேற்பு மேஜையில் வேலை. புயல் கரையைக் கடக்கப் போகிறது என்று செய்தி வந்ததுமே, சனி ஞாயிறுக்குக் கிரிவலம் வர இருந்தவர்கள் அத்தனை பேரும் அறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். ஊரே வானத்தைத் திட்டிக்கொண்டிருக்க, வினோதினிக்கு மட்டும் இந்தப் புயல் மேல் ரகசியமாக ஒரு பிரியம் உண்டாகியிருந்தது.

"அப்ப பாண்டிச்சேரி?... கேன்சலா. அடப்பாவமே... இல்லடி, நெஜமாத்தான் சொல்றேன். எவ்ளோ ஆசையா துணியெல்லாம் எடுத்தீங்க ரெண்டு பேரும்."

குரலில் வருத்தத்தை வரவழைக்க அவள் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து சினேகா அவளுடைய சினேகாவாகத்தான் இருந்தாள். போன வருடம் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் வேலை கிடைத்துப் போன பிறகுதான் பக்கத்து இருக்கையில் வள்ளி என்று ஒருத்தி முளைத்தாள். அதிலிருந்து வள்ளி சொன்னாள், வள்ளி சிரித்தாள், வள்ளி குழம்பு கொண்டுவந்தாள் என்றே பேச்சு. பாண்டிச்சேரிக்குப் போகப் போவதைக்கூடச் சினேகா சொல்லவில்லை. ஒரே நிறத்தில் சுடிதார் போட்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு பேரும் எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பார்த்துத்தான் வினோதினி தெரிந்துகொண்டாள். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அவள் தன் திட்டத்தை எடுத்து விரித்தாள். நாளைக்கு லீவு, லாட்ஜிலும் ஆள் இல்லை, நீ என் வீட்டுக்கு வந்துவிடு என்றாள். மழைக்குச் சூடாக மிளகாய் பஜ்ஜி போடலாம், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பழைய மாதிரி உட்கார்ந்து பேசலாம், தன் வீட்டுக்காரர் அருள்ராஜ் வேன் எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போவார் என்றாள்.

"அப்பாவயும் கூட்டினு வா... ஏறிடுவாரு, இவரு புடிச்சுக்குவாரு... ஏன்டி?... ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குற?... என்னது?... எப்போ?"

சாய்ந்திருந்தவள் நிமிர்ந்தாள்.

"வீட்டுக்குள்ளயா?... கட்டில் மட்டத்துக்கா... ஐயோ, அப்பா?... இரு, இரு. இப்ப எங்க இருக்கீங்க?"

பதிலைக் கேட்டதும் மேஜையில் விரிந்திருந்த பதிவேட்டைப் பட்டென்று மூடினாள்.

"வள்ளி வீட்லயா."

சினேகாவின் வீடு ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. காலையில் ஏரி வழிந்து தண்ணீர் அந்தத் தெருவுக்குள் புகுந்திருக்கிறது. அம்மா இல்லாத வீடு. அப்பா ராமதாசுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்து படுக்கையோடு இருக்கிறார். இதைக் கேட்டதும் வினோதினி பதறிப்போனது உண்மைதான். ஆனால் அந்தப் பதற்றத்தையும் முந்திக்கொண்டு வள்ளி என்ற பெயர்தான் வந்து நெஞ்சில் குத்தியது.

"அவ வீட்டுக்கு எதுக்குடி போனீங்க? இங்க ரூம் பூரா காலியா கெடக்குது. கீழ் ரூமு, வெந்நி வரும், வீல்சேர் கூட இருக்குது... இவரு வண்டி வச்சினு இருக்காரு. எனக்கு ஒரு போன்..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது.

போன் வந்திருந்தது. காலையில் சினேகாவின் பெயர் திரையில் மினுங்கியதை அவள் பார்த்தாள். பாண்டிச்சேரி கெட்டுப்போனதைச் சொல்லிப் புலம்பத்தான் கூப்பிடுகிறாள், வள்ளியோடு போவது இல்லையென்று ஆனதும் நான் வேண்டுமாக்கும் என்று நினைத்தாள். சத்தத்தை அமர்த்தி மேஜை இழுப்பறைக்குள் போட்டுவிட்டாள். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது சினேகா மறுபடி மறுபடி கூப்பிட்டிருந்தது தெரிந்தது. நன்றாகக் கெஞ்சட்டும் என்று அப்போது மனசு குளிரக்கூடச் செய்தது. அந்தக் குளிர்ச்சியில்தான் பெரிய மனசு பண்ணி இப்போது இவளாகக் கூப்பிட்டாள்.

"...டவர் இல்லடி. ஆமா... ஆமா ஆமா, உனக்கு ரிங் போயிருக்கும், இங்க வரல. மழைல எங்க வருது."

சினேகா நம்பிவிட்டாள். நம்பிவிட்டு, நடந்ததையெல்லாம் அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லத் தொடங்கினாள்.

"ம்... ம்... யாரு, அவளா தூக்கினா?... முதுகுலயா? அந்த ஒல்லிக்குச்சியா?... தண்ணி எவ்ளோ இருந்துச்சு?... அவ வீடு வரைக்குமா... ம்."

வினோதினிக்கு அந்தக் காட்சி கண்முன்னே வந்தது. முட்டிக்கு மேல் ஓடுகிற செம்மண் தண்ணீர். பாதி உடம்பு விழுந்த மனிதரை முதுகில் சுமந்துகொண்டு வள்ளி தடுமாறி நடக்கிறாள். பின்னாலிருந்து சினேகா தாங்கிப் பிடித்துக்கொண்டு வருகிறாள். அருள்ராஜின் வேன் போய் நின்றிருக்க வேண்டிய இடம் அது. வினோதினியின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை பந்தியில் நின்று பரிமாறியவர் ராமதாஸ். அவரைத் தூக்கும் உரிமையைக்கூட ஒருத்தி தட்டிக்கொண்டு போய்விட்டாளே என்றுதான் முதலில் எரிந்தது. அப்புறம் அவள் தட்டிக்கொண்டு போகவில்லை, நான்தான் இழுப்பறைக்குள் போட்டு மூடினேன் என்று உறைத்தது. சினேகா அந்தப் பக்கம் துளிச் சந்தேகமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். அதைத்தான் வினோதினியால் தாங்க முடியவில்லை.

"சினேகா, நிறுத்து... நான் ஒண்ணு சொல்றேன்... டவர் இருந்துச்சுடி. நீ கூப்பிட்டத பாத்தேன். பாத்துட்டுதான் எடுக்கல... அந்தப் போட்டோ பாத்ததுலேர்ந்து வயிறு எரிஞ்சினே இருந்துச்சு... இல்ல, தண்ணி வந்தது சத்தியமா தெரியாது. தெரிஞ்சா வராம இருப்பனா... எதுனா சொல்லு... திட்டிடு."

திட்டு வரவில்லை. அந்தப் பக்கம் தகரக் கூரை மேல் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பாத்திரம் ஒன்று உருண்டது. பிறகு பழக்கமில்லாத ஒரு குரல்.

"...யாரு?... ஓ. வள்ளியா... அவ எங்க?... உள்ள போயிட்டாளா."

வள்ளியிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்ததைப் பேசினாள். அப்பாவுக்குச் சாதத்தை நன்றாகக் குழைத்துத்தான் ஊட்ட வேண்டும், தண்ணீரை ஸ்பூனில்தான் கொடுக்க வேண்டும், வலது பக்கம் தலையணை அண்டக் கொடுத்தால்தான் தூங்குவார் என்று மூத்தவள் மாதிரி அதிகாரமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"...தெரியுமா. சரி... அதுவும் தெரியுமா. சரி, சரி."

போனை வைத்துவிடலாமா என்று இருந்தது. ஆனால் அந்தக் குரல் தயங்கித் தயங்கி வேறு எதையோ சொல்ல ஆரம்பித்திருந்தது.

"என்ன சொல்ற?... பாண்டிச்சேரிக்கு என்னயும் கூப்பிடலாம்னு அவ சொன்னாளா?... நீதான் வேணான்னியா? ஏன்?... எப்பப் பாத்தாலும் என் பேச்சேவா... காலேஜ் கதைய கூட விடலயா... அதுக்காக?... உனக்கா? என் மேலயா?"

வினோதினி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

"...கோவமா? எனக்கு இன்னா கோவம். என்னத்த சொல்ல, நானும் அதே கேஸ்தான்... ஆமா... ஆமா ஆமா. கேளு வள்ளி, நாளைக்கு காலைல மழை கம்மியானா நான் அங்க வர்றேன். மாத்துத் துணி, பால், மருந்து, என்ன வேணுமோ சொல்லு... அவ கதவ தொறக்க மாட்டாளா?... நீ தொறப்பியா. அது போதும்... அவ அழுதா விடு, அழட்டும், எதுவும் கேக்காத... தெரியுமா? அதுவும் தெரியுமா உனக்கு... ஹலோ... வள்ளி... ஹலோ..."

இணைப்பு அறுந்துவிட்டது. திரும்பப் போட்டாள், போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நனைந்த ஆட்டோக்கள் வரிசையாக நின்றிருந்தன. சினேகா மன்னிப்பாளா என்பது நாளைக்குப் போனால்தான் தெரியும். அந்தப் பயம் இருந்தது. அதோடு கூடவே, வள்ளிக்குத் தன் மேல் பொறாமை என்ற நினைப்பு நாக்கில் கற்கண்டு மாதிரி இனித்தது. இந்த நேரத்தில் இது இனிக்கலாமா என்று வினோதினிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் அது கரைந்து முடிகிற வரைக்கும் அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.