ஒரு பிளாக்குக்கு ஒரு முட்டை பப்ஸ்

...அதத்தான் சார் நானும் கேக்கறேன். போர்டுல எழுதி ஒட்டினதுக்கு அப்புறமும் ஒருத்தருக்குக் கண்ணு தெரியலன்னா யாரு என்ன பண்றது? கேட்டுக்குப் பக்கத்துல ஒட்டியிருக்காங்க, வர்றப்ப பாக்கலியா? இந்த பாஸ்கெட்பால் டோர்னமெண்ட்லயே அதிக பிளாக் யாருதுன்னு போய்ப் பாருங்க. மேக்ஸ்வெல் எஸ்., மைசூரு. எஸ்னா ஸ்டானிஸ்லாஸ், அவங்கப்பா. நான் மரியபுஷ்பம், அவங்கம்மா. அதோ பெஞ்ச் கோடியில முட்டி காதுக்கு வர்ற மாதிரி மடங்கி உக்காந்திருக்கானே, அவன்தான். ஆறரை அடி சார். ஆறரை அடிய மடிச்சு உக்கார வச்சிருக்காங்க.

பிளாக்னா தெரியுமில்ல? எதிராளி கூடைக்குப் போடற பந்த, அது மேல ஏறறப்பவே தட்டி விடறது. எங்க பையன் தட்டினா பந்து அந்த வேப்பமரத்துகிட்ட போய் விழும். ஜனம் எழுந்து நின்னு கத்தும். கோச்சு மட்டும் தலையில கை வச்சுக்குவாரு.

நீங்க புதுசா? இதுக்கு முன்னாடி பாத்ததில்லயே... குண்டலுபேட்டையா? அங்கிருந்து பஸ்லயா வந்தீங்க? ஹவ்தா, நெஜமாவா? இந்த வெயில்லயா? நீங்க போன்ல தமிழ் பேசினது காதுல விழுந்துச்சு, அதான் எடத்த மாத்திட்டு வந்து உக்காந்தேன். கன்னடத்துல கோவிச்சுக்கறதெல்லாம் எனக்கு நல்லா வரும். ஆனா பொலம்பறதுக்குத் தமிழ்தான் சார் சரிப்படுது.

எங்க விட்டேன்... ஆங், கோச்சு. உதயகுமார்னு பேரு. நல்ல மனுஷன்தான், கொற சொல்லக்கூடாது. ஆனா என்ன சொல்றாரு தெரியுமா? "அம்மா, உங்க பையன் நாலு பந்தத் தட்டறான், வாஸ்தவம். அந்த நாலுக்காக நாப்பது தடவ எகிறறான். அவன் மேல இருக்கறப்போ கீழ வாசல் தொறந்து கெடக்கு. எவனாவது பந்தப் போடற மாதிரி சும்மா ஒரு ஆட்டு ஆட்டினாப் போதும், இவன் ஆகாசத்துக்குப் போயிடறான், அவன் கீழ புகுந்து போட்டுட்டுப் போயிடறான். டிஃபென்ஸ் கையில இல்லம்மா, கால்ல இருக்கு"ன்னு. கால்லதான் இருக்குன்னா நான் அவன ஃபுட்பால்ல சேத்திருப்பேனே சார்.

சரி, இவன் வேணாம். இவன் எடத்துல யாரப் போட்டிருக்காரு, அதப் பாருங்க. அந்த வளையத்துக்குக் கீழ, கொஞ்சம் குண்டா... பாத்தீங்களா? தருண்குமார். ஹாஸ்டல் பையன். பஸ் வராத ஸ்டாப்புல நிக்கறவன் மாதிரி நிக்கறான். கைய ரெண்டையும் தூக்கிட்டு அப்படியே நிப்பான், அவ்வளவுதான் அவன் ஆட்டம். பிளாக் எவ்வளவுன்னு போர்டுல பாருங்க, பேரே இருக்காது. கேட்டா கோச்சு சொல்றாரு, அவன் நின்னா எவனும் உள்ள வர்றதில்ல, வெளியிலருந்தே எறிஞ்சிட்டுப் போயிடறான்னு. வராதவன எப்படி சார் எண்றது? நான் நர்ஸு. வராத பேஷண்டுக்கு நாங்க கேஸ் ஷீட் போடறோமா?

நீங்க ஏன் சார் அவனையே பாக்கறீங்க? பாக்க ஒண்ணுமில்ல அங்க.

விஷயம் என்னன்னா, இன்னைக்கு மேட்ச் முடிஞ்சதும் ஸ்டேட் கேம்புக்குப் பேர் அனுப்பறாரு. கேம்புக்குப் போனா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டுக்கு வழி இருக்கு. எங்களுக்கு வேற வழி கெடையாது, அவன் மார்க்கு அந்த லட்சணம். உயரமான பசங்க ரெண்டு பேர அனுப்பலாம். தருண் பேர மொதல்லயே எழுதிட்டாராம். "உங்க பையன் பேர எழுதறதா வேணாமான்னு இன்னைக்கு ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்றேன்"னாரு. பெஞ்ச்ல உக்கார வச்சிட்டு என்னத்தப் பாப்பாரு? அவன் உக்கார்ற அழகயா?

இந்த ஒலகமே அப்படித்தான் சார், வேல செய்யறவனக் கண்டுக்காது. எங்க நர்ஸிங் ஹோம்ல போன மாசம் சிறந்த நர்ஸுன்னு சால்வ போத்தினாங்க. யாருக்கு? ஷாரனுக்கு. அவ ட்யூட்டியில எப்பவும் ஒரே ஓட்டம். டாக்டரக் கூப்பிடு, ஆக்ஸிஜன் கொண்டா, வார்டே அல்லோலகல்லோலம். பாக்கறவங்களுக்கு ஆஹா, எப்படி ஓடறான்னு தோணும். முன்னாடியே கவனிக்கல, அதனால ஓடறா. என் வார்டுல ஓட்டமே இருக்காது. பெரியவங்களப் பொரட்டிப் படுக்க வைப்பேன், கட்டில் கம்பிய ஏத்தி விட்டுருப்பேன், தண்ணி கைக்கெட்டற தூரத்துல இருக்கும். யாரும் விழ மாட்டாங்க. யாருக்கும் படுக்கப் புண் வராது. விழாத கிழவிய யாரு சார் கணக்குல எழுதறாங்க? மேட்ரன் கேக்கறாங்க, "என்ன புஷ்பம், உன் ட்யூட்டியில ஒண்ணுமே நடக்கறதில்லயே"ன்னு. ஒண்ணும் நடக்காம இருக்கறதுக்குத்தானே நான் அங்க நிக்கறேன்? அதுக்கு ஒரு சால்வ வேணாம், ஒரு வார்த்த...

என்ன சார், சிரிக்கறீங்க?

கோச்சு சொன்னதும் அதேதானா? இல்லல்ல, அது எப்படி, அது வேற. அது ஆஸ்பத்திரி. இது பந்து. அங்க நான் நிக்கறேன், யாரும் விழல. இங்க அந்தப் பையன் நிக்கறான், யாரும்... 

அந்தக் கடலை ரெண்டு குடுங்க சார்.

இந்த டப்பாவா? வாசன வருதா? முட்டை பப்ஸ். எங்க தெரு பேக்கரியில சுடச்சுட எடுத்தது. மேக்ஸ்வெல்லுக்கு. ஒரு பிளாக்குக்கு ஒரு பப்ஸு, அதான் எங்களுக்குள்ள பேச்சு. நான்தான் ஆரம்பிச்சு வச்சேன். ஒம்பதாவது படிக்கறப்பவே அவனுக்கு நெலப்படி தலையில இடிக்கும். பசங்க கேலி பண்ணுவாங்கன்னு கூனிக்கிட்டே நடப்பான் சார், போட்டோவுல கூட முட்டிய மடக்கிட்டு நிப்பான். எனக்கு வயிறெரியும். இந்த ஆட்டத்துல சேத்து விட்டும் கையத் தூக்க மாட்டான், வெக்கம். அப்பதான் சொன்னேன், எகிறி ஒரு பந்தத் தட்டுடா, ஒரு பப்ஸ் வாங்கித் தர்றேன்னு. பையன் நிமுந்துட்டான். அதுக்கப்புறம் கூனே இல்ல. ஒவ்வொரு தடவ தட்டினதும் இங்க திரும்பி வெரலக் காட்டுவான், நான் டப்பாவத் தூக்கிக் காட்டுவேன். எல்லாரும் சிரிப்பாங்க.

அந்நேரத்துல அவன் மறிக்க வேண்டிய எதிராளிப் பையன் என்ன பண்ணுவானா? அவன் எங்க போவான், பந்த மறுபடி எடுத்து... எடுத்து...

போடுவான். ஆமா. போன மேட்ச்ல கூட, இவன் எனக்கு மூணு வெரல் காட்டிட்டிருந்தான், பின்னாடி கூடையில பந்து விழுந்துச்சு. நான் சிரிச்சிட்டேதான் டப்பாவத் தூக்கினேன்.

கோச்சு இந்த டப்பாவ கிரவுண்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு சொன்னாரு. பொறாமன்னு நெனச்சேன். அப்போ பேசி வச்சது பிளாக்குக்குத்தானே சார், டிஃபென்ஸுக்கு இல்லயே. அவன் என்ன பண்ணுவான், எதுக்குப் பப்ஸோ அதத்தான் பண்ணுவான். அப்படின்னா அவன எகிற வச்சு, எகிற வச்சு, அந்தப் பெஞ்ச்ல கொண்டு போய் உக்கார வச்சதே... நான்தானா? 

ஒண்ணும் சொல்லாதீங்க. கடலையச் சாப்புடுங்க.

இடைவேள விட்டாச்சு. அந்தத் தருண் ஏன் இங்க பாத்துக் கையக் காட்டறான்? எனக்கா? அவனுக்கு என்னத் தெரியாதே. ஓ... உங்களுக்கா. உங்க... பையனா? 

ஐயோ தேவனே. மொதல்லயே சொல்லக் கூடாதா சார்? பஸ் ஸ்டாப்புன்னேன், குண்டுன்னேன், இன்னும் என்னென்ன சொன்னேன், கடலைய வேற பாதி தின்னுட்டேன். உங்களுக்கும் ரொம்பப் பொறும. அப்பனும் அப்படியே உக்காந்திருக்கீங்க, புள்ளையும் அப்படியே நிக்கறான்.

இந்தாங்க, இந்த டப்பாவப் புடிங்க. எழுந்து போய் உங்க பையனுக்குக் குடுங்க. எவனையும் உள்ள விடல இல்ல, அதுக்கு. போங்க சார், இது இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது. அவன் இத்தனை நாளா காட்டாத வெரலுக்கெல்லாம் சேத்துக் குடுங்க. 

இடைவேள முடிஞ்சிடுச்சு, வந்துட்டான் பாருங்க உள்ள. மேக்ஸ்வெல்ல எறக்கிட்டாரு. இங்க பாக்கறான். என்னடா பாக்கற? டப்பா இல்லடா. ரெண்டு கையும் காலி, பாத்துக்கோ. அங்க பாரு, உன் ஆள் வர்றான். ஆட்டறான், பந்த ஆட்டறான்... சும்னே நில்லுடா, சும்மா நில்லு, என் கண்ணு இல்ல...

நின்னுட்டான்.

காலு தரையிலயே இருக்கு சார். எதிராளிப் பையன் வந்தான், அண்ணாந்து பாத்தான், திரும்பி வெளிய போயிட்டான். போடவே இல்ல. பாத்தீங்களா சார்? கோச்சு கூட தலையிலருந்து கைய எடுத்துட்டாரு. சார்?

ஓ, நான்தான் அனுப்பினேன்ல.

அக்கா, இங்க வாங்க, எடம் இருக்கு. தமிழ் தெரியுமா? நல்லதாப் போச்சு. இப்ப நடந்தத நீங்க பாத்தீங்களா? என்னது... ஒண்ணும் நடக்கலயா? அதேதான் அக்கா. உக்காருங்க, சொல்றேன்.