மேசை மேல் ஒரு மலை

— கத்தாதீங்க. கத்தினா மட்டும் ராத்திரி பகலாயிடுமா?

— நான் எங்கே கத்தறேன்? லாரி ஓட்டினவன் குரல் இப்படித்தான் இருக்கும். இஞ்சின் சத்தத்துக்கு மேல பேசிப் பழகின தொண்டை.

— இஞ்சினை நிறுத்தி ஆறு மாசமாச்சு. இது வீடு. பக்கத்துப் பக்கத்து நாடா நாலு நாட்டைச் சுத்திப் பாக்கலாம், மகளோட மூணு பேருமா மெதுவாப் போவோம், ஊர் ஊரா நின்னு நிதானமாப் பாப்போம்னு நீங்களேதானே ஆரம்பிச்சீங்க? இப்ப என்னடான்னா எல்லா பஸ்ஸும் ராத்திரி கிளம்புது, எல்லா ரயிலும் ராத்திரி கிளம்புது. பகல் முழுக்க ரூம்ல படுக்கணுமாம். ஊரைப் பாக்கப் போறோமா, ஊர் ஊராத் தூங்கப் போறோமா?

— எனக்குத் தெரிஞ்ச மாதிரிதானே போட முடியும்? நான் என்னிக்குப் பகல்ல ஓட்டினேன்?

— கதவு திறந்திருந்துச்சு, வந்துட்டேன். என்ன தங்கச்சி, பக்கத்து வீட்ல என் தையல் மிஷினையும் தாண்டிக் கேக்குது உங்க சத்தம். நான் எதுக்கு வந்தேன்னா, என் குக்கர்.

— வாங்கக்கா. மிஷின் சத்தம் நின்னப்பவே நீங்க கிளம்பிட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு.

— எனக்கென்ன, நூல் அறுந்துச்சு, நிறுத்தினேன். குக்கர் எங்கே?

— மேசை மேல.

— என்ன வேகுது அதுல?

— ஒண்ணும் வேகலைக்கா. அது மலை.

— மலையா? என்ன தம்பி, உன் பொண்டாட்டி கோபத்துல சொல்றாளா, நிஜமாவே சொல்றாளா?

— நிஜம்தான்க்கா. இப்படி உக்காருங்க, சொல்றேன். இந்த உப்பு டப்பாதான் முதல் எல்லை. சர்க்கரை டப்பா ரெண்டாவது எல்லை. நடுவுல நீட்டி வெச்சிருக்கற கரண்டியெல்லாம் ரயில் பாதை. குக்கர் நிக்கிற இடம் மூணாவது நாடு. வீட்ல இருக்கறதுலயே பெரிய பாத்திரம் அதுதான், அதனால அதை மலையா வெச்சேன்.

— பிஸ்கட் எதுக்கு? நல்லாத்தான் இருக்கு.

— ஐயோ அக்கா, ஒரு நாளைத் தின்னுட்டீங்க. ஒரு பிஸ்கட்டுன்னா ஒரு நாள் தங்கறோம்னு கணக்கு.

— அப்படியா? நான் எதுக்குச் சொல்றேன்னா, உப்பு டப்பாக்கிட்ட ரெண்டு பிஸ்கட்டு இருக்கு, சர்க்கரைக்கிட்ட மூணு இருக்கு. என் குக்கருக்குக் கீழ மட்டும் ஒரு பாக்கெட்டே கிடக்கே?

— அதைத்தான்க்கா நானும் கேட்டேன். கேட்டதும் குரல் ஏறிடுச்சு. அந்த ஊர்ல என்ன இருக்கு? கோட்டையா, கடலா? இவரு வாயாலயே சொல்லியிருக்காரு. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பஞ்சர் கடை, ஒரு டீக்கடை. அவ்வளவுதான் ஊரே.

— டீக்கடையை யாரு நடத்தறா, தம்பி? சும்மாக் கேட்டேன்.

— ஒரு அம்மா நடத்தறாங்க.

— அம்மான்னா எந்த மாதிரி வயசு அம்மா?

— அக்கா கேட்டு முடிக்கறதுக்குள்ள உங்க காது சிவக்குது பாருங்க. நல்லாக் கேட்டுக்குங்க. இருபது வருஷத்துக்கு மேல இந்த வீட்ல ஒத்தையாக் கிடந்தவ நான். மகளுக்குக் காய்ச்சல்னா நான், குழாய் உடைஞ்சா நான். வாரத்துக்கு ஒரு நாள் விடிஞ்சப்புறம் வருவீங்க, போர்வையை இழுத்து மூடிப்பீங்க, பொழுது சாஞ்சதும் சாவியை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுவீங்க. இப்ப வேலையை விட்டும் அதே போர்வைதான். நாளைக்கு மகளும் கல்யாணமாகிப் போயிட்டா, இந்த வீட்ல பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள். அப்படி இருக்கறதுக்கு நான் எங்க அண்ணன் வீட்டுக்கே போயிடுவேன். அதனால நேராச் சொல்லுங்க. அங்க யாரு இருக்கா?

— மலை இருக்கு.

— வேற?

— வேற யாரும் இல்ல. மலைதான்.

— அதைத்தான் போக வர வாரத்துக்கு ரெண்டு தடவை பாத்தீங்களே.

— ஒரு தடவை கூடப் பாத்ததில்ல.

— என்ன தம்பி இது? மலை மேலயே வண்டியை ஓட்டிட்டு, பாத்ததில்லைன்னா யாரு நம்புவா?

— பகல்ல அந்த ரோட்டுல லாரியை விட மாட்டாங்கக்கா. இருட்டினதும் கேட்டைத் திறப்பாங்க. விடியறதுக்குள்ள அந்தப் பக்கம் இறங்கிடணும். எனக்கு அந்த மலைன்னா கியர்தான். ரெண்டாவது கியர்ல முனகிக்கிட்டே ஏறுவேன். எந்த வளைவுல மர வாசனை வரும், எந்த இடத்துல தண்ணி விழற சத்தம் கேக்கும், எங்கே காது அடைக்கும், எல்லாம் தெரியும். கண்ணால மட்டும் தெரியாது. ஹெட்லைட் விழற தூரம்தான் எனக்கு அந்த நாடு.

— சரி, அப்புறம்?

— ஒரு நாள் பிரேக் சூடாயிடுச்சு. ஓரம் கட்டி இறங்கினேன். விளக்கையும் அணைச்சேன். வானம் பூரா நட்சத்திரம், அரிசியைக் கொட்டி வெச்ச மாதிரி. ஆனா ஒரு பக்கம் மட்டும் ஒண்ணுமே இல்ல. கீழ இருந்து மேல வரைக்கும் கறுப்பு. கழுத்தை நிமித்தி நிமித்திப் பாக்கறேன், கறுப்பு முடியவே இல்ல. மேகம்னு நெனச்சேன். மேகம்னா நகரணும் இல்ல? அது நின்னுக்கிட்டே இருந்துச்சு. அப்பத்தான் உறைச்சுது. வானத்துல பாதியை மறைச்சுக்கிட்டு ஒண்ணு நிக்குது. இத்தனை வருஷமா அதோட தோள் மேல ஏறி இறங்கிக்கிட்டிருக்கேன், அது யாருன்னே தெரியாம. வண்டியில ஏறி உக்காந்துட்டேன். திரும்ப விளக்கைப் போட மனசு வரலை.

— இதை ஏன் நீங்க என்கிட்ட சொன்னதே இல்ல?

— எப்ப சொல்றது? நான் வந்தா நீ வேலையா இருப்பே. நீ சும்மா இருக்கும்போது நான் கிளம்பிடுவேன்.

— அப்போ டீக்கடை அம்மா?

— அக்கா, அவங்களுக்குக் கொள்ளுப்பேரனே இருக்கான். அவங்கதான் சொன்னாங்க. பகல்லயும் அது லேசுல முகம் காட்டாதாம். எப்பவும் மேகத்தைப் போத்திக்கிட்டே இருக்குமாம். உக்காந்து காத்திருக்கறவங்களுக்குத்தான் தெரியுமாம், அதுவும் அதுக்கா மனசு வந்தா. அதுக்குத்தான் அத்தனை பிஸ்கட்டு.

— அடடா. நான் வேற என்னமோ கேட்டுட்டேன். நீ ஏதும் மனசுல வெச்சுக்காதே தம்பி.

— மலையைப் பாக்கணும்னா நீங்க மட்டும் போயிட்டு வரலாமே. எங்களை எதுக்குக் கூப்பிடறீங்க?

— தனியாத்தானே இத்தனை காலம் போனேன்.

— பிஸ்கட்டை இங்கே தள்ளுங்க.

— எதுக்கு?

— நீங்க போட்டபடி போனா, மலை ஏறற பஸ்ஸும் ராத்திரிதான் போகுது. பழையபடி இருட்டுலயே தாண்டிடுவீங்க. நான் மாத்திப் போடறேன். இனிமே காலையில கிளம்பறோம், பொழுது சாஞ்சதும் படுக்கறோம். பகலுக்கு நான்தான் டிரைவர்.

— ரெண்டு பேரும் ராசியாயிட்டீங்க, சந்தோஷம். என் குக்கர்?

— போயிட்டு வந்து தரேன்க்கா. மலை இல்லாம எனக்குக் கணக்குப் புரியாது.

* * *

— இதே மேசை மேலதான் நர்ஸம்மா, என் குக்கர் அன்னிக்கு மலையா நின்னுச்சு. புதுசாக் குடிவந்த உங்களுக்கே மேசையை விட்டுட்டுப் போயிட்டாங்களா? நல்ல மேசை. இந்த ஜன்னலுக்குத் திரை முழு நீளமா, பாதியா?

— பாதி போதும்க்கா. அளவெடுக்க வந்து ஒரு மணி நேரமாச்சு, இன்னும் டேப்பைப் பிரிக்கலை நீங்க. சரி, போனாங்களா இல்லையா?

— போனாங்க. மெதுவுன்னா அப்படி ஒரு மெதுவு. ஆத்தைத் தாண்டணும்னா, படகுக்காரர் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்து வர வரைக்கும் கரையிலயே உக்காந்திருந்தாங்களாம். எல்லைக் கேட்டுக்கு முன்னாடி இந்த மனுஷன் அப்படியே நின்னுட்டாராம். பின்னாடி வரிசையில ஒரே கூச்சல். என்னன்னு கேட்டா, இது நீலமான்னு கேக்கறாராம். மஞ்சள் விளக்குல பாத்துப் பாத்து, அந்தக் கேட்டைக் கறுப்புன்னே நெனச்சிருந்திருக்காரு.

— பாவம்.

— பாவம் அவ. மதியம் ஆனா இவருக்குத் தலை தொங்கிடும். அவ கிள்ளிக்கிட்டே வந்திருக்கா. ரயில்ல ஒரு தடவை கிள்ளின கையோட மூணு பேரும் தப்பான பெட்டியில ஏறிட்டாங்க. டிக்கெட் பரிசோதகர்னு ஒரு பையன் வந்து இறங்கச் சொன்னான். மக எழுந்து நின்னு அவன்கூட ஒரு ஸ்டேஷன் தூரம் சண்டை போட்டா. அந்தச் சண்டையைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

— மலை தெரிஞ்சுதா? அதைச் சொல்லுங்க முதல்ல.

— போய் இறங்கினதும் டீக்கடை அம்மா இவரு மோவாயைப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்களாம். உன் முகத்தை நான் இப்பத்தான்ப்பா வெளிச்சத்துல பாக்கறேன்னாங்களாம். கடை வாசல்ல ஒரு பெஞ்சு. அதுல இவங்க காவல். தினமும் மேகம். மேகம்னா சுவர் மாதிரி. பாக்கெட்டு பிஸ்கட்டும் தீர்ந்து, கடைசி நாள் காலையும் வந்துடுச்சு. இவரு விடியறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்தவரு, பெஞ்சிலயே சாஞ்சுட்டாரு.

— ஐயையோ.

— மக உள்ளே தூங்கறா. இவ டீயோட வெளியே வரா. மேகம் விலகியிருக்கு. இதை அவ சொன்னபடியே சொல்றேன் நர்ஸம்மா, என் சரக்கு ஒண்ணும் சேக்கலை. "மலை இருக்கும்னு நெனச்ச இடத்துல தேடினேன்க்கா, இல்ல. இன்னும் மேல பாத்தேன், அங்கயும் இல்ல. வானம்னு நெனச்ச இடத்துல இருந்துச்சு."

— அம்மாடி.

— வெள்ளையா, சத்தமே இல்லாம. டீ ஆறிப் போறது கூடத் தெரியாம நின்னாளாம். யாரோ ரொம்பப் பெரியவங்க நம்ம வீட்டுக் கதவைத் தட்டாம உள்ளே வந்துட்ட மாதிரி இருந்துச்சாம்.

— அவரை எழுப்பினாங்களா?

— எழுப்பத்தான் போனா. கை தோள் வரைக்கும் போச்சு. திருப்பி எடுத்துக்கிட்டா.

— ஏன்? அதுக்காகத்தானே அத்தனை தூரம் போனாங்க?

— நானும் இப்படியேதான் கேட்டேன். பாத்துட்டா முடிஞ்சுது அக்கான்னா. வந்த வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்குத் திரும்பி, மறுபடி போர்வையை இழுத்துப்பாரு. பாக்கலைன்னா திரும்ப வரணும்பாரு, விடியறப்ப எழுந்திருப்பாரு, நான் பக்கத்துல உக்காரலாம்னா. கொஞ்ச நேரத்துல மேகம் மூடிடுச்சு. இவரு எழுந்து, தெரிஞ்சுதான்னு கேட்டாரு. இல்லைங்கன்னுட்டா.

— அதை உங்ககிட்ட மட்டும் சொன்னாங்களா?

— யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னா. என்கிட்ட. இந்தத் தெருவுல இத்தனை பேர் இருக்க, என்கிட்ட.

— நீங்களும் இப்போ என்கிட்ட சொல்லிட்டீங்க.

— நீங்க ஊசி போடறவங்க, எத்தனை பேரு ரகசியத்தைப் பாத்திருப்பீங்க. ஆனா ஒண்ணு, ஒரு வருஷமா வாயைத் திறக்கலை நான். குக்கர் மூடியைத் திறந்து ஆவி விலகறப்பல்லாம் நெஞ்சு வரைக்கும் வரும், முழுங்கிடுவேன்.

— அப்புறம் குக்கரைத் திருப்பிக் குடுத்தாங்களா?

— அதுலதான் விஷயமே இருக்கு. அவரு கொண்டு வந்தாரு. நல்லாத் தேச்சுக் கழுவி, துணியில சுத்தி, கும்பிடாத குறையா என் கையில குடுத்தாரு. குடுத்துட்டுப் போகாம வாசல்லயே நிக்கறாரு. என்ன தம்பின்னேன். கதவை லேசாச் சாத்திட்டு, "அக்கா, அன்னிக்குக் காலையில நான் தூங்கலை"ன்னாரு.

— என்னது?

— "முழிச்சுத்தான் கிடந்தேன். அவ தலைக்கு மேல அது நின்னுச்சு. இருட்டுல அன்னிக்குப் பாத்த அதே உருவம், இப்ப வெளிச்சமா. மலையையும் பாத்தேன், அவ அதைப் பாக்கறதையும் பாத்தேன். அவ கை என் தோள்கிட்ட வந்து திரும்பிப் போச்சு. எதுக்குன்னு புரிஞ்சுது. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாதீங்க"ன்னாரு. அடுத்த மாசம் மக அந்த டிக்கெட் பரிசோதகர் பையனையே கட்டிக்கிட்டு அவன் நாட்டுக்குப் போனா. இவங்க ரெண்டு பேரும் இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு, மலை எப்பவாவது தெரியாமலா போயிடும்னு ஒருத்தருக்கொருத்தர் தேறுதல் சொல்லிக்கிட்டு, அந்த டீக்கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் எடுத்துக் குடியே போயிட்டாங்க.