சடச்சி வைத்த இரண்டாவது தட்டு

கொம்புமலைக்கு ரோடு வராத காலம் அது. வெள்ளைக்காரத் துரை மட்டக்குதிரையில் ஏறி வந்த காலம், நம்ம ஆட்கள் அந்தக் குதிரைக்குப் பின்னால் சட்டிபானையைத் தலையில் தூக்கி வந்த காலம். அப்போது மேல்லயத்தில், தோட்டக் கூலி ஜனம் இருந்த வீட்டு வரிசையில், சடச்சி என்று ஒருத்தி இருந்தாளாம். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். யாரையும் நம்பாதவளாம். சாமியாடி குறி சொன்னால்கூட, "நேத்து யாருகிட்ட கேட்டுட்டு வந்தே?" என்பாளாம்.

இந்த ஓடையில் அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான் துரைமார் ட்ரௌட் மீனை விட்டிருந்தார்கள். அவர்கள் ஊர்க் குளிர்மீன். பனிக்காலம் அது முட்டை போடும் காலம் என்று ஆற்றை, அதாவது இந்த ஓடையை, மூடிவிடுவார்கள்; யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மூடின ஆற்றில் தூண்டில் போட்டால் குடும்பத்தோடு மலையை விட்டு இறக்கிவிடுவார்களாம். ஆறு திறந்தால் மூன்று நாளைக்கு லயத்து ஜனமும் பிடிக்கலாம். அதைக் கொடுத்தது துரையின் தாராளம் என்பார்கள். நான் நம்பவில்லை. ஜனம் சண்டை போட்டுத்தான் வாங்கியிருக்கும்.

ஆறு எப்போது திறக்கும்? அதற்கு ஒரு தட்டு. தோட்டக் கம்பெனியின் பித்தளைத் தட்டு. சாயங்காலம் ஓடைக்கரையில் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். விடிந்து பார்க்கும்போது தண்ணீர் உறைந்திருந்தால் பனி விடவில்லை, ஆறு மூடித்தான். தண்ணீர் தண்ணீராகவே இருந்தால் ஆறு திறந்தது.

தட்டுக்குக் காவல் பொன்னுலிங்கம். நம்ம ஆள்தான். துரை தன் வாயால் பொய் சொல்ல மாட்டான். அவனுக்காகச் சொல்ல நம்மில் ஒருத்தன் கிடைத்துவிடுவான்.

அந்த வருஷம் மாசியில் பனி விடவில்லை. பங்குனி பிறந்தும் விடவில்லை. தேயிலை கருகிக் கிடந்தது. வேலை இல்லை, அடுப்பில் கஞ்சி மட்டும்தான். ஜனமெல்லாம் மீன் மீன் என்று ஓடையையே பார்த்துக்கொண்டிருந்ததாம். தினமும் விடிந்ததும், தட்டைப் பார்த்துவிட்டு வரும் பொன்னுலிங்கத்திடம் பெண்கள் கேட்பார்களாம்:

"அண்ணே, தண்ணி உறைஞ்சுதா?"

"உறைஞ்சுது தாயி. ஆறு மூடித்தான்."

மறுநாளும் கேட்பார்கள். மறுநாளும் உறைந்துதான் இருக்கும்.

சடச்சி மகள் மூக்காயிக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள். பால் சுரக்கவில்லை. சீனித்தண்ணியை நனைத்து நனைத்துப் பிள்ளை வாயில் வைத்தார்கள். அழுத பிள்ளை, பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டதாம். மருத்துவச்சி, "பச்சைமீன் கொழம்பு குடுங்க, கருவாடு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சடச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'இந்தப் பொன்னுலிங்கம் பனிக்கட்டியைக் கொண்டாந்து போடுறான்' என்று நினைத்தாளாம். விடியுமுன்னே போய்ப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பொன்னுலிங்கம் வந்தான். வெறுங்கையோடு வந்தான். குனிந்து தட்டைத் தட்டினான். டிங் என்றது. உறைந்துதான் இருந்தது. சடச்சிக்கு வெட்கமாகப் போய்விட்டதாம்.

தலையைக் குனிந்துகொண்டு புல்வழியே திரும்பி நடந்தாள். நடந்தவள் நின்றாள். பாதம் நனைந்திருந்தது. ஆனால் எரியவில்லை. உறைபனிப் புல்லில் வெறுங்காலோடு நடந்தால் நெருப்பாக எரியும், காலடியில் நொறுநொறு என்று சத்தம் வரும். இது வெறும் பனித்துளி. புல் உறையவில்லை, தட்டு மட்டும் எப்படி உறையும்?

திரும்பி வந்தாள். அப்போதுதான் தட்டு இருந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டு பாறைக்கு நடுவே பள்ளம். வெயில் எட்டாத பள்ளம், மலைக்குளிரெல்லாம் இறங்கித் தேங்குகிற பள்ளம். மேலே திறந்த பாறையில் ஏறிப் பார்த்தாள். பாறை முழுக்கப் பாசி. நடுவில் மட்டும் வட்டமாக வெறும் கல். வருஷா வருஷம் தட்டு இருந்த இடம்.

அன்று சாயங்காலம் தன் கஞ்சித் தட்டை எடுத்துப் போனாள். அந்த வட்டத்தில் வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். காலையில், வேலை உண்டா என்று பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஒருத்தியும் போகவில்லை. நாற்பது பெண்கள் பாறையைச் சுற்றி நின்றார்கள். கஞ்சித் தட்டில் தண்ணீர் அலைந்தது. பள்ளத்துத் தட்டில் டிங்.

பொன்னுலிங்கம் ஓடிவந்தான். "ஏ சடச்சி, கஞ்சி குடிக்கிற தட்டெல்லாம் செல்லாது. கம்பெனித் தட்டுதான் செல்லும்!"

"அப்படியா அண்ணே? பனி என்ன முத்திரை பாத்தா விழுது?"

சத்தம் கேட்டுத் துரை குதிரையில் வந்தான். "என்ன கலாட்டா?"

சடச்சி தன் தட்டை எடுத்து இடுப்பில் வைத்தாள். கம்பெனித் தட்டைத் தூக்கிப் பனிக்கட்டியைத் துரை காலடியில் கவிழ்த்தாள். தட்டைக் கொண்டுபோய் அந்த வட்டத்தில் வைத்தாள். மூடி போட்டாற்போல் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதாம்.

"தொரைகளே, தட்டோட வீடு இது. கீழ எறங்கச் சொன்னது யாரு?"

சித்திரையில் துரையின் விருந்தாளிகள் மீன் பிடிக்க வருவதாக இருந்ததாம். அதுவரை மீன் குறையக் கூடாதாம். அது பிறகு தெரிந்த சங்கதி. அன்று துரை நாற்பது முகத்தையும் பார்த்தான். பிறகு பொன்னுலிங்கத்தைப் பார்த்துச் சொன்னானாம், "மிஸ்டேக். உன் மிஸ்டேக்."

ஆறு திறந்தது. மத்தியானம் மூக்காயி குழம்பு குடித்தாள். மூன்றாம் நாள் பால் வந்தது. பிள்ளை மறுபடி அழுதது. அந்தப் பிள்ளைதான் என்னைப் பெற்ற அய்யா.

அடுத்த வாரம் பொன்னுலிங்கத்தை மலையை விட்டு இறக்கினார்கள். ஜனம் சிரித்ததாம். சடச்சி சிரிக்கவில்லையாம். "தட்டைத் தூக்குனவன் போறான். தூக்கச் சொன்னவன் பங்களாவுல இருக்கான். என்ன சிரிப்பு?" என்றாளாம். மறுவருஷத்திலிருந்து கம்பெனித் தட்டுக்குப் பக்கத்தில் லயத்துத் தட்டும் உட்கார்ந்தது. அதனால்தான் அது இரட்டைத்தட்டுப் பாறை. துரை போனான், கம்பெனி கைமாறியது, இப்போதும் ஆறு திறக்க இரண்டு தட்டு வேண்டும்.

போன பங்குனியில் லயத்துத் தட்டை நானே வைத்தேன். நாற்பது வருஷம் தொழிலாளர் சங்கம் நடத்திய கை, சிறைக்குப் போய் வந்த கை. வைத்துவிட்டுத் திரும்பினால், கீழ்லயத்து இருளாயி இன்னொரு தட்டோடு நிற்கிறாள்.

"ஏம்மா, என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு பெரியப்பா," என்று சொல்லிவிட்டு, என் தட்டுக்குப் பக்கத்தில் அவள் தட்டை வைத்தாள். "இதுவும் இருக்கட்டும்."

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவள் தட்டுக்கும் நானே தண்ணீர் ஊற்றப் போனேன். இருளாயி தொடவிடவில்லை.