இடது பின் சக்கரம்

அக்கா: மறுபடியும் அதே இடம்டா. ஜீப்போட இடது பின் டயர். பாரு, ரப்பரச் சீவி எடுத்திருக்கு.

தம்பி: எப்படிக்கா? நேத்துதானே மட்கார்டுல ரெண்டு விரல் அகலம் வெட்டின?

அக்கா: வெட்டினேன். நிறுத்திப் பாத்தா டயருக்கு மேல நாலு விரல் தாராளமா போகுது. மத்த மூணு சக்கரமும் சுத்தம். இது ஒண்ணுதான் அடம் பிடிக்குது.

தம்பி: இன்னும் கொஞ்சம் வெட்டிடேன்.

அக்கா: உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ. எங்க உரசுதுன்னு தெரியாம வெட்டினா தகரம் கத்தியாட்டம் நிக்கும். ஓடைக்கு நடுவுல டயரக் கிழிச்சிடும்.

தம்பி: பேசாம பழைய டயரையே மாட்டிட்டு...

அக்கா: மாட்டிட்டு? நாளைக்குக் காலைல வெள்ள மீட்புக் குழுவுக்கு வண்டி சோதிச்சு எடுக்கறாங்க. தண்ணி முழங்காலுக்கு மேல. சின்ன டயர்ல போனா இன்ஜின் தண்ணி குடிக்கும். பெரிய டயர்ல உரசல் சத்தம் கேட்டா ஓரங்கட்டிடுவாங்க. பெரிய டயர்தான் போகுது, உரசாமதான் போகுது. அந்தக் கட்டையத் தள்ளு.

தம்பி: இதையா?

அக்கா: சக்கரத்த அது மேல ஏத்து. மெதுவா... டேய், என் கால்!

தம்பி: ஏத்தியாச்சு.

அக்கா: இப்பப் பாரு. கல்லு மேல ஏறும்போது ஸ்பிரிங் அமுங்கும், சக்கரம் உள்ள போகும். அப்பத்தான் தகரத்தத் தொடும். சமதரையில அளந்தேன் பாரு, அது என் தப்பு. விளிம்பு பூரா சாக்பீஸ் தேய்ச்சிருக்கேன். தொட்டா டயர்ல வெள்ளை ஒட்டிக்கும்.

தம்பி: ஒட்டிச்சா?

அக்கா: ...இல்லடா.

தம்பி: அப்ப சரியாயிடுச்சு!

அக்கா: ரப்பர் தன்னைத் தானே சீவிக்கிச்சா? வண்டியில என்ன ஏத்தின?

தம்பி: பின்னாடி வலது பக்கம் ஸ்ட்ரெச்சர். காலி. நீ மாட்டினதுதானே.

அக்கா: இடது பக்கம்?

தம்பி: ...காத்து.

அக்கா: அந்த சிமெண்ட் மூட்டைய எடு. உன் காத்து எத்தனை கிலோன்னு பாப்போம்.

தம்பி: எதுக்குக்கா வீணா... சரி, சரி. வெச்சுட்டேன்.

அக்கா: தொடல. இன்னொண்ணு.

தம்பி: இன்னொண்ணா?

அக்கா: வெய்டா... ஆங்! ஒட்டிச்சு! சீவின அதே இடம். ரெண்டு மூட்டை, நூறு கிலோ. உன் காத்து நல்லாத்தான் சாப்பிடுது.

தம்பி: கத்த மாட்டியே?

அக்கா: சொல்லு.

தம்பி: அத்தான். ஓடையில ஒத்திகைக்கு என்கூட வந்தாரு.

அக்கா: பின் சீட்டுலயா?

தம்பி: கயிறு அங்கதானேக்கா இருக்கு. முடிச்சுப் போடுறதுல அவர அடிச்சிக்க ஆளில்ல. சத்தியமா பாரம் தூக்க விடல.

அக்கா: முதுகுத்தண்டுல டிஸ்க் நழுவி மூணு மாசம் படுக்கையில கிடந்த மனுஷன். காலைல நடக்கப் போறேன்னுட்டுப் போறார்... இப்ப எங்க?

தம்பி: கம்ப்ரசருக்குப் பின்னாடி.

அக்கா: ஏங்க! அந்தக் கம்ப்ரசர் உங்கள மறைக்காது. வாங்க.

அத்தான்: டீ வேணுமான்னு கேக்க வந்தேன்...

அக்கா: வெறுங்கையோடவா? இங்க பாருங்க. நேத்து வெட்டினது போக, மட்கார்டு ஓரம் உள்பக்கமா மடிஞ்சு இன்னும் ஒரு விளிம்பு நிக்குது. டயர் அதுலதான் இடிக்குது. வெட்டி எறிஞ்சா உள் தகரமும் வெளித் தகரமும் பிரிஞ்சிடும். அதனால அங்கங்க கீறி, மேல்பக்கமா மடக்கித் தட்டி, வெல்டிங் அடிச்சு, வழவழன்னு ராவிடணும். டேய், கட்டர். ஏங்க, சுத்தியல கீழ வைங்க.

அத்தான்: சும்மா பிடிச்சுப் பாத்தேன்.

அக்கா: வைங்க!

தம்பி: அப்பாடா, முடிஞ்சுது. நீ தட்டின தட்டுல காது ரெண்டும் போச்சு. சூடு ஆறிடுச்சாக்கா?

அக்கா: நாக்க வெச்சுப் பாரேன். புதுசா சாக்பீஸ் தேய்ச்சுட்டேன். மூட்டைய இறக்கு, கட்டை அப்படியே இருக்கட்டும். ஏங்க, அந்த இடத்துல நீங்க ஏறி உக்காருங்க.

அத்தான்: வேண்டாம்மா. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். நாளைக்கு வேற ஆளக் கூட்டிட்டுப் போகட்டும்.

தம்பி: அத்தான், கடைசி நேரத்துல இப்படி...

அக்கா: ரெண்டு பேரும் வாய மூடுங்க. டாக்டர்கிட்ட போன வாரமே கேட்டுட்டேன். உக்காரலாம், தூக்கத்தான் கூடாதாம். மீட்புக் குழுவுல உங்க பேர எழுதிக் குடுத்ததே நான்தான். முன் சீட்டுல உக்கார்றீங்கன்னு நெனச்சேன், அதான் எங்க இடிக்குதுன்னு பிடிபடல. ம், ஏறுங்க... ஆடாதீங்க... குலுக்குடா வண்டிய... இன்னும் நல்லா... டயர்ல வெள்ளை இல்ல. விளிம்ப மடக்கினதுல ஒரு விரல் இடம் கெடைச்சிடுச்சு. நீங்க அங்க உக்காந்தாலும் தொடல.