எதிரே நிற்பதற்கு ஓர் ஆள்

மேடையில் வீற்றிருக்கும் பயிற்சிக் கழகத் தலைவர் அவர்களே, பணி முடிந்த கையோடு சீருடையில் வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, லேத் பட்டறைத் தோழர்களே, மாஸ்டரிடம் பயின்றவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் தங்கையே!

மறைந்த மாஸ்டர் என் தங்கையின் கணவர். ஊருக்கெல்லாம் மாஸ்டர், எனக்கு மச்சான். பகலெல்லாம் லேத்தில் இரும்பு கடைவார். காலையிலும் மாலையிலும் இதே கூடத்தில் தற்காப்புக் கலைப் பாடம் நடத்துவார். நான் அவருக்குத் துணையாகப் புதியவர்களைப் பார்த்துக்கொள்வேன். கூடத்தின் நடுவில் பாய் விரித்த இடத்தில் நாற்காலி போட வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் ஒலிபெருக்கி முன்னால் வந்திருக்கிறேன்.

அவரைப் போல் சொல்லிக்கொடுக்க யாரால் முடியும்? "முதல்ல விழக் கத்துக்கோங்க, அடிக்கிறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். வங்கிக் காவலாளி மாடிப்படியில் உருண்டும் எலும்பு முறியாமல் எழுந்து உடையைத் தட்டிக்கொண்டு போனாரே, அது யார் கொடுத்த வித்தை? பிடித்த கையை உதறிவிட்டு வெளியேற நம் செவிலியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? மாஸ்டர்! நம் மாஸ்டர்!

இந்தக் கலை பிறந்த நாட்டுக்கே போய்ப் பயில வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். விமான நிலையத்தில் நான் சும்மா இருக்கவில்லை. "அடி வாங்க ஃப்ளைட் ஏறிப் போகணுமா மச்சான்? இங்கயே நான் தரமாட்டேனா?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

அங்கே அது ஒரு பழைய மரக்கூடம். தரை கால்பட்டுக் கால்பட்டுக் கண்ணாடியாகியிருந்ததாம். இருவர் இருவராகத்தான் பயிற்சி. தொடங்கும்போது இருவரும் ஒருவரையொருவர் குனிந்து வணங்க வேண்டும், முடிக்கும்போதும் வணங்க வேண்டும். முடிவு வணக்கம் ஆகாமல் பாதியில் செத்துப்போனவர் எதிரே ஓர் ஆளுக்காகக் காத்து நிற்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. எல்லோருக்கும் ஜோடி கிடைத்தது. நம்மவருக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆசிரியர் அவரை ஒரு மூலைக்கு அழைத்துப் போய் எதிரே வெற்றிடத்தைக் காட்டினாராம். அங்கே பயிற்சியின் நடுவில் இறந்துபோன ஒருவன் நிற்கிறானாம்.

வெளியூர்க்காரனைக் கேலி செய்கிறார்கள் என்றுதான் இவர் நினைத்தார். காற்றோடு மல்லுக்கட்டினார். பிறகு ஒரு காலையில் இவர் வீசிய கையை ஏதோ தடுத்தது.

திரும்பி வந்ததும் லேத்தை நிறுத்திவிட்டு இதையெல்லாம் என்னிடம் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "கடைசி நாள் நான் வணங்கியிருந்தா அவன் போயிருப்பான். மனசு வரல. கூடவே வந்துட்டான்" என்றார்.

தோழர்களே, பாடம் முடிந்ததும் மாஸ்டர் மட்டும் வணங்காமல் போகிறாரே என்று உங்களில் பலர் குறைப்பட்டதுண்டு. காரணம் இதுதான், இந்தக் கூடத்தில் அவர் வணங்கினால் அவன் போய்விடுவான். தினமும் காலையில், நீங்கள் வருமுன், இந்தப் பாயின் ஒரு ஓரத்தில் அவர் தனியாக நின்று பயிற்சி செய்வார். பாயை இப்போது பாருங்கள். அவர் நின்ற பக்கம் குழிந்திருக்கிறது, சரி. எதிர்ப்பக்கமும் குழிந்திருக்கிறதே, அங்கே யார் நின்றது? அவர் முழங்கையில் எந்நேரமும் கன்றியிருந்த காயங்களை யார் கொடுத்தது?

அவர் போன அன்று நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கையை ஓங்கியவர் அப்படியே சாய்ந்தார். ஒன்றை இந்தக் கண்ணால் பார்த்தேன். அவர் விழவில்லை. தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் மெதுவாகக் கீழே இறங்கினார். தலை கடைசியாகத்தான் பாயைத் தொட்டது. சத்தமே இல்லை.

அன்றிலிருந்து மாடியில் குடியிருக்கும் என் தங்கைக்கு விடியற்காலையில் கண் மூட முடியவில்லை. "அண்ணா, கீழ கால் தேய்க்கிற சத்தம் கேக்குது. அவன் இன்னும் நிக்கிறான். நீங்களே போய் வணங்கி அனுப்பி வைங்க, இல்லன்னா இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது" என்றாள். இன்று காலை போனேன். பயமாக இருந்தது, மறைக்கவில்லை. தொடக்க வணக்கம் செய்தேன். கையை நீட்டினேன். தடுத்தது ஒரு கை.

பட்டறை விபத்துக்குப் பிறகு மாஸ்டரின் வலது மணிக்கட்டு முழுதாகத் திரும்பாது. அதனால் அவர் தடுத்தால் கட்டைவிரல் எலும்பு கோணலாக வந்து உறுத்தும். அவரிடம் பயின்றவருக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அது தெரியும். இன்று காலை என் கையில் பட்டது அந்த எலும்புதான்.

வெளிநாட்டுக்காரன் குனிந்து அவரைப் பத்திரமாகப் படுக்க வைத்தான், அந்தக் குனிதலே முடிவு வணக்கமாகி அவன் போய்விட்டான் போலிருக்கிறது. அவன் நின்ற இடத்தில் இப்போது நிற்பவர் நம் மாஸ்டர்.

முடிவு வணக்கம் செய்யாமல் மாடிக்கு ஓடித் தங்கையிடம் சொன்னேன். அவள் இறங்கி வந்து பாயின் ஓரத்தில் நின்றாள்.

"நல்லாத் தெரியுமாண்ணா? அவருதானா?"

"அவருதாம்மா."

உட்கார்ந்து பாயின் குழிந்த இடத்தைத் தடவினாள். "அப்ப அனுப்ப வேணாம்" என்றாள்.

எனக்கும் மனம் வரவில்லை, தோழர்களே. எப்படி வரும்?

ஆகவே இந்த அவையின் முன் உறுதி கூறுகிறேன். இந்தக் கூடம் மூடப்படாது! செவிலியர் வகுப்பு நிற்காது! தினமும் காலையில் மாஸ்டரின் எதிரே நான் நிற்பேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். தொடங்கிவிட்டேன், முடிக்கமாட்டேன். எனக்கும் ஒரு நாள் சாவு வரும். அன்று முதல் என் எதிரே நிற்க உங்களில் ஒருவர் வேண்டும். இப்போது யாரும் கை தூக்க வேண்டாம். வீட்டுக்குப் போங்கள், வீட்டில் இருப்பவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் மட்டும் வாருங்கள்.