பசி தெரியாத நாற்பது பேர்

அன்று பிற்பகல் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, என் மகன், மருமகள், என் மனைவியின் தம்பியான பல் டாக்டர். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்கிய சோபாவையும் சேர்த்தால் ஆறு. சோபாவைச் சேர்க்கக் காரணம் இருக்கிறது. அது ஒழுங்காக மாடிப்படியில் ஏறியிருந்தால் நான் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

நான் எடை அளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். தராசில் கடுகளவு கோணல் இருந்தாலும் என் கண் பிடித்துவிடும். நான் தெருவில் இறங்கினால் கடைக்காரர்கள் கால்மேல் போட்ட காலை எடுத்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலியில் முதுகு சாய்ந்ததில்லை. இதையும் நிமிர்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு விளையாட்டு உண்டு. பெயர் ஏழு கணவாய். கடையில் கிடைக்காது. வரைபடம் வரையும் வேலையில் இருந்த என் அப்பா, ஏணியிலிருந்து விழுந்து மாவுக்கட்டோடு மூன்று மாதம் படுத்திருந்தபோது உருவாக்கியது. ஒரு பக்கம் சமவெளியார், நானூறு காய்கள். மறுபக்கம் மலையார், நாற்பது காய்கள். நானூறு பேர் ஏழு கணவாய்களின் வழியே ஏறிக் கோட்டையைப் பிடிக்க வேண்டும். நாற்பது பேர் பன்னிரண்டு சுற்று தாக்குப்பிடிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் அப்பா ஒரு தடித்த நோட்டில் இரண்டு மையில் எழுதினார். விதி கறுப்பில், கதை நீலத்தில். கறுப்பு ஆடுபவரைக் கட்டும், நீலம் கட்டாது. நாலு சுற்றுக்கு ஒருமுறை பனி கொட்டும், அந்தச் சுற்றில் சமவெளியார் நகரக் கூடாது என்பது கறுப்பு. மலையார் தலைவனுக்கு மீசை முழங்கை நீளம் என்பது நீலம். இதனால் எங்கள் வீட்டுப் பேச்சில் நீலம் என்பதற்குத் தனிப் பொருளே வந்துவிட்டது. மின்சாரம் போன நேரத்தில் டார்ச் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு ஒருவருக்கு மூன்று பல் பிடுங்கிய கதையைப் பல் டாக்டர் ஆரம்பித்தால், நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் "நீலம்" என்போம். அவர் கொஞ்சமும் கோபப்படாமல் நாலாவது பல்லையும் பிடுங்குவார்.

மலையாருக்காக ஆடுவது அப்பாவுக்குப் பிறகு நான். ஆண்டுக்கு ஒருமுறை, நீண்ட விடுமுறையில் ஆடுவோம். கோட்டையைப் பிடிப்பவர் வீட்டுக்கு நோட்டும் மலையார் பக்கமும் போய்விடும் என்பது கறுப்பு. இருபத்தாறு ஆண்டுகளில் கோட்டை விழவில்லை. மலையார்தான் நம் முன்னோர் என்று அப்பா முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார். நீலத்தில்தான். இருந்தாலும் சில உண்மைகள் எந்த மையில் இருந்தாலும் உண்மைதான்.

என் மருமகள் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிறவள். போன ஆண்டு முதன்முறையாகச் சமவெளியாரை நடத்த அவள் உட்கார்ந்தாள். காய்களை அடுக்கும்போதே பேச்சை எடுத்தாள்.

"நாற்பதுக்கு நானூறு ரொம்பக் கஷ்டம் மாமா. மலையாரை அறுபதா ஏத்திக்கலாமா? எல்லாரும் சேர்ந்து கறுப்புல எழுதிக்கலாம்."

"நாற்பதுக்கு மேல ஒருத்தன் வந்தாலும் அது மலையார் இல்லம்மா. கூட்டம்."

"கதை நல்லாத்தான் இருக்கு. ஆட்டம் தாங்கணுமே."

"இருபத்தாறு வருஷமா தாங்குதே."

"இதுவரைக்கும் எல்லாரும் கதைப்படி ஆடுனாங்க மாமா. நான் விதிப்படி ஆடப் போறேன்."

அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. சமவெளியார் தலைக்கனம் பிடித்தவர்கள், எல்லோரும் ஒரே கணவாயில் முண்டியடித்து ஏறுவார்கள் என்று நோட்டில் நீலத்தில் இருக்கிறது. பல் டாக்டரும் என் மகனும் அந்தக் கதைக்கு மரியாதை கொடுத்து ஆண்டுதோறும் முண்டியடித்து ஏறினார்கள். நான் மேலே நின்று ஒவ்வொருவராகத் தட்டிவிட்டேன். அதை என் திறமை என்று நம்பியிருந்தேன். இப்போதும் அதில் பாதியாவது என் திறமைதான்.

மருமகள் ஏறவில்லை. மூன்றாம் சுற்று முடிவதற்குள் ஏழு கணவாய்களின் அடிவாரத்திலும் ஐம்பது ஐம்பது பேரை நிறுத்திவிட்டு, பிஸ்கட் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். நாலாம் சுற்றில் பனி கொட்டியது. நகரக் கூடாது என்றது விதி. அவள் நகர்வதாகவே இல்லை. பிறகு நாங்கள் எல்லோரும் மறந்தே போயிருந்த ஒரு கறுப்பு வரியைத் தம்பியிடம் சொல்லி வாசிக்க வைத்தாள்: ஏழு கணவாயும் அடைபட்டால் தானியம் வராது; சுற்றுக்கு ஐந்து மலையார் பசியால் விழுவர்.

ஐந்தாம் சுற்று முடிந்தபோது என்னிடம் முப்பது பேர் இருந்தார்கள். மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பதினோராம் சுற்றில் கடைசி ஆளும் விழுவான். பன்னிரண்டாம் சுற்றைப் பார்க்கக் கோட்டையில் ஆள் இருக்காது.

"கீழ இறங்கி ஒரு கணவாயை உடைச்சுடலாம் மாமா," என்றாள் மருமகள். "விதியில தடையே இல்லை. உடைஞ்சுடும்னுதான் நினைக்கிறேன்."

"மலையார் இறங்க மாட்டாங்க."

"அது நீலம் மாமா."

நான் முதுகை இன்னும் நேராக்கிக்கொண்டேன். குடும்பத்தில் யாராவது ஒருவர் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

அந்த நேரத்தில்தான் தெருவில் கூச்சல் கிளம்பியது. எதிர்க் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் சோபா படிக்கட்டில் திரும்பாததால், நான்கு பேர் அதைக் கயிறு கட்டி வெளிப்பக்கமாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக் கம்பியில் அதன் ஒரு கால் மாட்டிக்கொண்டது. சோபா மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. எல்லோரும் பால்கனிக்கு ஓடினார்கள். பல் டாக்டர் அங்கிருந்தே கையை ஆட்டி, சோபாவின் காலை எந்தப் பக்கம் அசைத்துப் பிடுங்க வேண்டும் என்று தொழில்முறை ஆலோசனை வழங்கத் தொடங்கினார்.

மேசையில் நான் இருந்தேன், நோட்டு இருந்தது, சுற்றுகளைக் குறிப்பதற்காகக் கறுப்பு மை நிரப்பி வைத்த அப்பாவின் பேனா இருந்தது. பதினான்காம் பக்கத்தில் ஒரு நீல வரி உண்டு. 'கணவாயில் நிற்கும் மலையாருக்குப் பசி தெரியாது.' வெறும் ஐந்து சொற்கள். அதன் மேலேயே எழுதினேன். ஒரு எழுத்தைச் சேர்க்கவில்லை, ஒரு எழுத்தை எடுக்கவில்லை. அப்பா எழுதியது அப்பா எழுதியபடியே இருக்கிறது. நிறத்தை மட்டும் கவனித்துக்கொண்டேன்.

அந்த இரண்டு நிமிடங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வேலை கிடைத்த அன்றுகூட இருந்ததில்லை. வயிற்றிலிருந்து சிரிப்பு பொங்கிப் பொங்கி வந்தது. எழுபது வயதில் சிரிப்பை அடக்குவது தும்மலை அடக்குவதைவிடக் கடினம். நாற்காலி ஆடியது. பேனா ஆடவில்லை. 'தெரியாது' என்பதன் பின்னால் முற்றுப்புள்ளியை நான் வைத்த கணத்தில் வெளியே சோபா விடுபட்டு ஊஞ்சல்போல ஆடிக்கொண்டு ஜன்னலுக்குள் போய்விட்டது, தெருவே கைதட்டியது. எனக்காகவே கைதட்டியதுபோல இருந்தது. காகிதக் கைக்குட்டையால் வரியை ஒற்றி, அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். மருமகள் கையை நீட்டினாள். ஐந்து பேரைக் கொடுக்கச் சொன்னாள். எதற்கும் நோட்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்றேன்.

நோட்டை வாசிப்பது எப்போதும் என் தம்பிதான். அவன் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவன். கடையில் நாள் முழுக்கப் பேசாமல் இருப்பவனுக்கு நோட்டைத் திறந்தால் மட்டும் தனிக் குரல் வந்துவிடும். ஆண்டுதோறும் முதல் நீலப் பக்கங்களை அவன் வாசித்த பிறகுதான் ஆட்டமே தொடங்கும். அதற்காகவே ஆண்டு முழுக்கக் காத்திருப்பான் என்று நினைக்கிறேன். அன்றும் அதே குரலில் வாசித்தான். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் பார்த்தான்.

"கறுப்பா இருக்கே," என்றான்.

"அட, இத்தனை வருஷமா இது விதியா," என்றார் பல் டாக்டர். "அத்தான், உங்க பத்து பேர் சும்மாவே செத்துட்டாங்க."

மருமகள் அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். நீலமாகத்தான் இருந்தது, தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றாள். பிறகு தன் விரல் நுனியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். 

அதற்கு ஒரு மாதம் முன்னால் நோட்டுக்குப் புது அட்டை போடத் தம்பியிடம் கொடுத்திருந்தேன். மங்கிய எழுத்துகளின் மேல் அந்தந்த மையாலேயே எழுதித் தரும்படியும் சொல்லியிருந்தேன். அந்த நினைவு அவனுக்கு இப்போதுதான் வந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"நான்தான் மை மாத்தி எழுதிட்டேன் போல அண்ணா. தப்பு என்னுதுதான்."

இதை நான் திட்டமிடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். என் திட்டம் அந்த வரியோடு முடிந்துவிட்டது. ஒரு தட்டில் அப்பாவின் நோட்டு, இருபத்தாறு ஆண்டு, குடும்பத்தின் பெயர். மறுதட்டில் ஒரு கடிகாரக்காரனின் சின்னக் கைப்பிசகு. நிறுப்பது என் தொழில். நிறுத்தேன்.

"பரவாயில்லடா," என்றேன். "மன்னிச்சுட்டேன்."

 என் மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பல் டாக்டர் என் தோளைத் தட்டினார். மன்னிப்பது அவ்வளவு எளிதான காரியம் அல்ல, செய்தவர்களுக்குத் தெரியும்.

ஆடும் நாளில் கறுப்பாக இருப்பது அந்த ஆட்டத்தைக் கட்டும் என்பது அப்பாவின் விதி. என் முப்பது பேரும் பசியில்லாமல் நின்றார்கள். மருமகள் அதன் பிறகும் ஏறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டாம் சுற்று வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை இருபத்தேழாம் ஆண்டும் நின்றது.

தம்பி இனி நோட்டைத் தொடுவதில்லை என்று தானாகவே சொல்லிவிட்டான். நான் வற்புறுத்தவில்லை. கண்ணை மூன்று இடத்தில் காட்டினான். மூன்று இடத்திலும் குறை இல்லை என்றார்கள். அதில்தான் அதிகம் பயந்துபோனான். கண் சரியென்றால் கை பிசகியிருக்க வேண்டும், கை சரியென்றால் மூளை. வீட்டில் உப்பு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டினான். நாலு மாதத்தில் கடையைச் சாத்திவிட்டான். "நீலம் கறுப்பு தெரியாத கை, மயிரிழை ஸ்பிரிங்கைத் தொடலாமா அண்ணா?" என்று கேட்டான். அறுபத்து மூன்று வயதில் ஓய்வு நல்லதுதான் என்றேன். கண்ணில் பொருத்திப் பார்க்கும் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை எனக்கே கொடுத்துவிட்டான். செய்தித்தாளின் பொடி எழுத்துக்கு அது மிகவும் வசதி. மாதம் ஒருமுறை வந்து அந்த வரியைப் பற்றி மறுபடி வருத்தம் சொல்கிறான். நான் ஒவ்வொரு முறையும் மன்னிக்கிறேன். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

இன்னொரு விடுமுறை வந்துவிட்டது. நேற்றுக் காலை மருமகள் நோட்டையும் இரண்டு பேனாக்களையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கு என் விரல்ல ஒட்டின மை ஈரமா இருந்துச்சு மாமா. சின்ன மாமா எழுதி ஒரு மாசம் ஆகியிருந்துச்சு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். கடையைச் சாத்துன அப்புறமாவது சொல்லுவீங்கன்னு இருந்தேன். அவ்வளவு நாள் இருந்தது என் தப்பு. இனிமே இருக்க மாட்டேன். நடந்ததை இதுல எழுதிடுங்க. நாளைக்கு ஆட்டத்துக்கு முன்னாடி சின்ன மாமா வாசிக்கட்டும்."

எந்த மையில் என்று கேட்டேன்.

"அது உங்க இஷ்டம்," என்றாள்.

அவள் ஆடும் முறையே அதுதான். ஏறி வர மாட்டாள். ஏழு வழியையும் அடைத்துவிட்டு அடிவாரத்தில் உட்கார்ந்திருப்பாள். பேனா இரண்டையும் கையில் எடுத்து நிறுத்துப் பார்த்தேன். பிறகு எழுதத் தொடங்கினேன்.

இந்த இடத்தைத் தம்பி சற்று நிதானமாக, தெளிவான குரலில் வாசிக்க வேண்டும். பதினான்காம் பக்கத்து வரியைக் கறுப்பாக்கியவன் நான். நீ அல்ல. உன் கை பிசகவில்லை. இந்த நோட்டில் நீ மேலெழுதிய நூற்றுப் பதினொரு வரிகளையும், நீ கொடுத்த அதே உருப்பெருக்கியை வைத்து, நீ கடையைச் சாத்திய வாரமே சரிபார்த்துவிட்டேன். ஒன்றில்கூட மை மாறவில்லை. அருமையான வேலை. அப்போதே பாராட்ட நினைத்தேன், சந்தர்ப்பம் அமையவில்லை.

கடைசியாக ஒன்று. பெரியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று காலையிலிருந்து வீட்டுக்குள் ஒரு பேச்சு ஓடுகிறது. என் மகன் அதைப் பல் டாக்டருக்குத் தொலைபேசியிலும் சொல்லிவிட்டான். அது தவறு. காய்வதற்காகப் பக்கங்களைத் திறந்தே வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நீலம்.